ப்ளஸ் டூ முடிச்சாச்சு, காலேஜ் திறக்குற வரைக்கும் என்ன பண்றது?

கடைசி பரீட்சை எழுதிட்டு வந்ததும் முதல்ல நல்லா தூங்குங்க. யாரு என்ன சொன்னாலும் ஒரு வாரம் தூங்குங்க. ரெண்டு வருஷமா காலைல ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ட்யூஷன், ராத்திரி ரிவிஷன் டெஸ்ட்னு ஓடுன உடம்பு அது, அதுக்கு ரெஸ்ட் வேணும். அதுக்கு அப்புறம் இதை படிங்க.

நான் மதுரை பக்கம் ஒரு கிராமம். எங்க வீட்ல முதல் ஆளா காலேஜ் போனவ, கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கி இன்ஜினியரிங் முடிச்சு இப்ப வேலைல இருக்கேன். இந்த வருஷம் எங்க சித்தி பொண்ணு ப்ளஸ் டூ எழுதிட்டு போன் பண்ணி "அக்கா, லீவுல என்ன கோர்ஸ் சேரலாம்"னு கேட்டா. அவகிட்ட மூணு நாலு நாளா பேசுனதை தான் இங்க மொத்தமா எழுதுறேன், மத்த தம்பி தங்கச்சிங்களுக்கும் ஆகும்னு.

மார்ச் கடைசில பரீட்சை முடியும், மே முதல் பாதில ரிசல்ட் வரும். ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ் போறவங்களுக்கு ஜூன் ஜூலைலயே கிளாஸ் ஆரம்பிச்சுடும், இன்ஜினியரிங் கவுன்சிலிங் போறவங்களுக்கு ஆகஸ்ட் செப்டம்பர் கூட ஆயிடும். நீட் எழுதுறவங்களுக்கு மே முதல் வாரம் வரைக்கும் லீவே கிடையாது. ஆக ஆளுக்கு ஆள் மாறும், ஆனா எப்படியும் ரெண்டு மூணு மாசம் கைல இருக்கும்.

எல்லாரும் உங்ககிட்ட ஸ்போக்கன் இங்கிலீஷ் போ, கோடிங் போனு சொல்லுவாங்க. போங்க, தப்பில்ல. ஆனா நான் முதல் செமஸ்டர்ல ஹாஸ்டல்ல பாத்தது வேற. பாடம் புரியலனு அழுதவங்க கம்மி தான். பேங்க்ல போய் என்ன கேக்குறதுனு தெரியாம நின்னவங்க, காய்ச்சல் வந்தா எந்த டாக்டர்கிட்ட போறது யார்கிட்ட சொல்றதுனு தெரியாம படுத்தே கிடந்தவங்க, கைல இருந்த காசு 10ஆம் தேதியே தீர்ந்து போய் அதை வீட்ல சொல்ல பயந்தவங்க, இவங்க தான் அதிகம். இத்தனை நாளும் அதையெல்லாம் அம்மா அப்பா பாத்துக்கிட்டாங்க. அதனால இந்த லீவுக்கு என் ஒரே பேச்சு இது தான்: இதுவரைக்கும் உங்களுக்காக வீட்ல யாராவது செஞ்ச வேலை எல்லாத்தையும் ஒரு தடவையாவது நீங்களே செஞ்சு பாத்துட்டு காலேஜ் போங்க. கோர்ஸ் எல்லாம் அதுக்கு அப்புறம்.

முதல்ல சர்டிபிகேட் வேலை

இதை அப்பா தலைல கட்டிடாதீங்க, நீங்களே இறங்குங்க. ஆதார், பத்தாவது மார்க்‌ஷீட், ஜாதி சான்றிதழ், பேங்க் பாஸ்புக் நாலையும் எடுத்து தரைல பக்கத்து பக்கத்துல வைங்க. நாலுலயும் உங்க பேர் ஒரே மாதிரி இருக்கானு எழுத்து எழுத்தா பாருங்க. நம்ம ஊர்ல இனிஷியல்ல தான் எப்பவும் பிரச்சனை, ஒண்ணுல இனிஷியல் முன்னாடி இருக்கும், ஒண்ணுல பின்னாடி, ஆதார்ல இனிஷியலே இருக்காது, இல்லனா அப்பா பேர் முழுசா ஒட்டியிருக்கும். பிறந்த தேதியும் பாருங்க. எனக்கு ஆதார்ல பேர்ல ஒரு எழுத்து கூட இருந்துச்சு, அந்த ஒரு எழுத்தால ஸ்காலர்ஷிப் பணம் அக்கவுண்ட்ல ஏறாம நாலு மாசம் இழுத்துச்சு. ஏப்ரல்லயே பாத்திருந்தா ஆதார் சென்டர்ல ஒரு நாள் வேலை.

அடுத்து இ-சேவை மையம். ஜாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி, இது ஒவ்வொண்ணுக்கும் 60 ரூபாய் கட்டணம். நீங்க அங்க பதியுறது தான் அப்படியே விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் ஆபீஸ்னு ஆன்லைன்ல மேல போகும். மே மாசம் ரிசல்ட் வந்ததும் ஊரே அங்க போய் நிக்கும், அதனால பரீட்சை முடிஞ்ச அடுத்த வாரமே போயிடுங்க. முதல் பட்டதாரி சான்றிதழுக்கு அப்பா அம்மா, தாத்தா பாட்டி, கூட பிறந்தவங்க எல்லாரோட படிப்பு விவரமும் கேப்பாங்க, அதையும் முன்னாடியே எழுதி எடுத்துக்கங்க. அண்ணனோ அக்காவோ ஏற்கனவே டிகிரி முடிச்சிருந்தா அது கிடைக்காது. கவுன்சிலிங் வழியா இன்ஜினியரிங் சேர்றவங்களுக்கு அந்த ஒரு பேப்பரால வருஷத்துக்கு 25,000 ரூபாய் வரைக்கும் ட்யூஷன் ஃபீஸ் குறையும், மேனேஜ்மென்ட் கோட்டால சேந்தா குறையாது. எங்களுக்கு அப்படி ஒரு சலுகை இருக்குறதே லேட்டா தான் தெரிஞ்சுது, அப்பா கடையை மூடிட்டு மூணு நாள் அலைஞ்சு, சர்டிபிகேட் சரிபார்ப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் தான் கைக்கு வந்துச்சு. அந்த மூணு நாளும் வீட்ல யாருக்கும் சோறு இறங்கல. உங்க வீட்ல அந்த நிலைமை வர வேண்டாம்.

அரசுப் பள்ளில ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் படிச்சவங்க இன்னும் மூணு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கணும். தொழிற்படிப்புல உங்களுக்கு 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கு, அதுல இன்ஜினியரிங் சீட் கிடைச்சா ட்யூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் எல்லாம் அரசே கட்டும். பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண் திட்டம், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன் திட்டம், ரெண்டுலயும் மாசம் 1,000 ரூபாய் உங்க அக்கவுண்ட்டுக்கே வரும். உதவி பெறும் பள்ளில தமிழ் வழி படிச்சவங்களுக்கும் இந்த 1,000 ரூபாய் உண்டு. காலேஜ்ல சேந்த அப்புறம் காலேஜ் வழியா தான் பதிவாங்க, ஆனா உங்க பேர்ல ஆதார் இணைச்ச பேங்க் அக்கவுண்ட் வேணும். அதை இந்த லீவுல ரெடி பண்ணிடுங்க.

எல்லாம் வந்ததும் அஞ்சு செட் ஜெராக்ஸ் எடுங்க, ஸ்கேன் பண்ணி மெயில்ல போட்டு வைங்க, டிஜிலாக்கர்லயும் ஏத்துங்க. ஒரிஜினலை எவர்கிட்டயும் குடுத்துடாதீங்க. என் ஃப்ரெண்ட் ஒருத்தி "சீட் பிளாக் பண்றோம்"னு ஒரு காலேஜ்ல சொன்னதை நம்பி டிசியும் மார்க்‌ஷீட்டும் குடுத்துட்டா, கவுன்சிலிங்ல அதை விட நல்ல காலேஜ் கிடைச்சும் அதை திருப்பி வாங்க அவங்க அப்பா எத்தனை நடை நடந்தார்னு நான் கூடவே இருந்து பாத்தேன். ஒரிஜினலை காலேஜ் பிடிச்சு வச்சுக்கக் கூடாதுனு யுஜிசி, ஏஐசிடிஇ ரெண்டும் சொல்லியிருக்கு. இருந்தாலும் குடுத்துட்டு சண்டை போடுறதை விட குடுக்காம இருக்குறது நல்லது.

காலேஜை நேர்ல போய் பாருங்க

கவுன்சிலிங் கட்ஆஃப் உங்களுக்கே தெரியும், மேக்ஸ்க்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200. போன வருஷ கட்ஆஃப் எல்லாம் ஆன்லைன்ல கிடைக்கும். அதை வச்சு உங்களுக்கு வர வாய்ப்பு இருக்குற அஞ்சாறு காலேஜை எழுதிட்டு, அதுல ரெண்டையாவது ஒரு வேலை நாள்ல டவுன் பஸ் ஏறி நேர்ல போய் பாருங்க. கார்ல போகாதீங்க, நாளைக்கு நீங்க எதுல போவீங்களோ அதுலயே போங்க. அப்ப தான் பஸ் ஸ்டாப்ல இருந்து எவ்வளவு தூரம் நடக்கணும், சாயங்காலம் கடைசி பஸ் எத்தனை மணிக்குனு தெரியும். வெளிய டீக்கடைல நிக்குற ஃபைனல் இயர் அண்ணன் அக்காங்ககிட்ட கேளுங்க, லேப் திறந்து விடுவாங்களா, வாத்தியார் நிக்குறாங்களா இல்ல வருஷத்துக்கு ஒருத்தர் மாறுறாங்களா, எக்ஸாம் ஃபீஸ் போக வேற எதுக்கெல்லாம் காசு வாங்குறாங்கனு. நோட்டீஸ்ல போடாததெல்லாம் அங்க தெரியும். சாய்ஸ் லிஸ்ட் போடும் போது உங்களுக்கு பிடிச்ச வரிசைல போடுங்க, சொந்தக்காரங்க சொன்ன வரிசைல வேண்டாம். எத்தனை சாய்ஸ் வேணும்னாலும் போடலாம், அதனால கஞ்சத்தனம் பண்ணாதீங்க.

வீட்டு வரவு செலவு

இதை யாரும் சொல்ல மாட்டாங்க, அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன்.

எனக்கு ரிசல்ட் வந்த வாரம் ஒரு நாள் மதியம், அம்மா ட்ரங்கு பெட்டியை திறந்து பட்டுச்சேலைக்கு அடில இருந்த ஒரு மஞ்சப்பையை எடுத்தாங்க. அதுக்குள்ள நகை அடகு வச்ச ரசீது மூணு இருந்துச்சு. ஒண்ணு அம்மாவோட தோடு, ஒண்ணு சங்கிலி, ஒண்ணு அம்மாச்சி எனக்குனு குடுத்து வச்சிருந்த வளையல். ஒவ்வொண்ணுலயும் எத்தனை கிராம், எவ்வளவு வாங்குனாங்க, எந்த தேதிக்குள்ள திருப்பணும்னு எழுதியிருந்துச்சு. அப்பா ஒரு பழைய டைரில கடை வரவு செலவு வச்சிருப்பார், அதையும் பக்கத்துல விரிச்சு வச்சு, "இதான் பாப்பா நம்ம நிலைமை, இதுல உனக்கு மாசம் இவ்வளவு அனுப்ப முடியும்"னு ஒரு தொகை சொன்னார். அவ்வளவு நாளும் எங்க வீட்டுக்கு மாசம் எவ்வளவு வருது எவ்வளவு போகுதுனு எனக்கு சுத்தமா தெரியாது. அன்னைக்கு தெரிஞ்சது நாலு வருஷமும் எனக்கு கூடவே வந்துச்சு. ஹாஸ்டல்ல எல்லாரும் சேந்து வெளிய சாப்பிட போகும் போது "இந்த மாசம் நான் வரலடி"னு கூச்சமே இல்லாம சொல்ல முடிஞ்சுது, ஏன்னா எனக்கு கணக்கு தெரியும்.

உங்க வீட்லயும் கேளுங்க. சில அப்பாக்கள் "அதெல்லாம் உனக்கு எதுக்கு, நீ படி"னு சொல்லுவாங்க, பாசத்துல தான் சொல்றாங்க. ரெண்டு நாள் விட்டு மறுபடி கேளுங்க. மே மாசம் முழுக்க மளிகை, கரண்ட் பில், கேஸ், பால், தம்பி ஸ்கூல் ஃபீஸ்னு வீட்டு செலவை நீங்களே ஒரு நோட்ல எழுதுங்க. மாசக் கடைசில கூட்டிப் பாருங்க, அவ்வளவு தான்.

கல்விக் கடன் தேவைப்படும்னு தெரிஞ்சா வித்யாலட்சுமி போர்ட்டல்ல எப்படி விண்ணப்பிக்குறதுனு இப்பவே பாத்து வைங்க. பேங்குக்கு நீங்களே போய் மேனேஜரைப் பாத்து என்னென்ன பேப்பர் வேணும்னு கேட்டு எழுதிட்டு வாங்க. ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் இல்லாம குடுக்குற முறை இருக்கு, படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு தான் தவணை ஆரம்பிக்கும். இது தெரியாம கந்து வட்டிக்கு வாங்குன வீடுகளை எங்க ஊர்லயே பாத்துருக்கேன்.

பேங்க்ல போய் சலான் எழுதி பணம் போடுறது, எடுக்குறது, டிடி எடுக்குறது, எல்லாத்தையும் ஒரு தடவை செய்யுங்க. மைனர் அக்கவுண்ட் வச்சிருந்தா 18 வயசு ஆனதும் ஆதார், போட்டோ குடுத்து கையெழுத்தை புதுசா பதிஞ்சு மாத்தணும், மாத்தலனா அக்கவுண்ட் நிக்கும். அப்புறம் இதை மனசுல ஆழமா வச்சுக்கங்க: உங்களுக்கு பணம் வர்றதுக்கு யுபிஐ பின் எப்பவும் தேவையே இல்ல, பின் கேட்டாலே அது திருட்டு. "உன் அக்கவுண்ட்டை கொஞ்ச நாள் குடு, மாசம் 5,000 தரேன்"னு காலேஜ் பசங்களை தேடி வர்றாங்க. குடுத்தா திருட்டுப் பணம் எல்லாம் உங்க பேர்ல ஓடும், போலீஸ் உங்க வீட்டுக்கு தான் வரும். ஏமாந்துட்டா வெக்கப்படாம உடனே சைபர் கிரைம் நம்பர் 1930க்கு போன் பண்ணுங்க, நேரம் போகப் போக பணத்தை நிறுத்த முடியாது.

சமையல், துணி

பசங்களுக்கும் சேத்து தான். வாரத்துல ரெண்டு நாள் வீட்டு சமையல் உங்களோடதுனு அம்மாகிட்ட சொல்லிடுங்க. சோறு, ரசம், ஒரு குழம்பு, ஒரு முட்டை, இது நாலும் வந்தா எந்த ஊர்லயும் பிழைச்சுக்கலாம். குக்கர்னா பொன்னி அரிசி ஒரு டம்ளருக்கு ரெண்டரைல இருந்து மூணு டம்ளர் தண்ணி, மூணு விசில். ஆனா உலை வச்சு வடிக்கவும் ஒரு தடவை கத்துக்கங்க. தண்ணி தளதளனு கொதிக்கும் போது கழுவுன அரிசியை போடுங்க, கொஞ்ச நேரம் கழிச்சு கரண்டில நாலு பருக்கை எடுத்து ஊதி, ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு அழுத்திப் பாருங்க. நடுவுல வெள்ளையா ஒரு சின்ன புள்ளி மாதிரி நெருடுனா இன்னும் வேகணும், அப்படியே மசிஞ்சா வடிச்சுடலாம். ரொம்ப மசிஞ்சா லேட், அன்னைக்கு குழைஞ்ச சோறு தான், மோர் ஊத்தி சாப்பிடுங்க. இது எந்த வீடியோ பாத்தாலும் வராது, விரலுக்கு தான் தெரியணும். எங்க அம்மா பக்கத்துல நின்னு "இன்னொரு தடவை பாரு"னு அஞ்சாறு தடவை பருக்கை எடுக்க வச்சு தான் எனக்கு பதம் பிடிபட்டுச்சு.

துணியை கையால துவைச்சு பழகுங்க. ஹாஸ்டல்ல மெஷின் இருந்தாலும் அது எப்ப வேலை செய்யும்னு சொல்ல முடியாது. சாயம் போற புதுத்துணியை தனியா ஊற வைங்க, காலருக்கும் கை மடிப்புக்கும் மட்டும் பிரஷ் போடுங்க. பட்டன் தைக்க, கிழிஞ்ச இடத்துல ஒரு தையல் போட கத்துக்கங்க, அரை மணி நேர வேலை.

தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கு

நானும் தமிழ் மீடியம் தான், அதனால இதை ரொம்ப அக்கறையா சொல்றேன். முதல் நாள் கிளாஸ்ல வாத்தியார் கடகடனு இங்கிலீஷ்ல எழுதிட்டே போனப்ப எனக்கு கை நடுங்குச்சு. ஒரு வாரம் கழிச்சு தான் புரிஞ்சுது, அவர் நடத்துறதுல பாதி எனக்கு ஏற்கனவே தெரியும், பேர் தான் தெரியல. நாம அணினு படிச்சது அங்க மேட்ரிக்ஸ், அணிக்கோவை டிட்டர்மினன்ட், வகையிடல் டிஃபரன்சியேஷன், தொகையிடல் இன்டக்ரேஷன், உந்தம் மொமன்டம், முடுக்கம் ஆக்சிலரேஷன். அவ்வளவு தான் வித்தியாசம், கணக்கு அதே கணக்கு.

இதுக்கு செலவே இல்லாத ஒரு வழி இருக்கு. தமிழ்நாடு பாடநூல் கழகம் போட்ட ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ புக் எல்லாம் பிடிஎஃப்பா இலவசமா கிடைக்குது, தமிழ் மீடியம் இங்கிலீஷ் மீடியம் ரெண்டும். ரெண்டுலயும் பாட வரிசை ஒண்ணு தான், கணக்கும் அதே கணக்கு தான். உங்க தமிழ் புக்கை இந்தப் பக்கம் விரிச்சு வச்சு, இங்கிலீஷ் புக்கை போன்ல அந்தப் பக்கம் வச்சு, ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம் ரெண்டையும் சேத்து படிங்க. தெரியாத வார்த்தையை ஒரு நோட்ல எழுதுங்க. மேக்ஸ், பிசிக்ஸ் ரெண்டுக்கும் சேத்து ஒரு 300 வார்த்தை வந்தா போதும், முதல் செமஸ்டர்ல நீங்க யாருக்கும் குறைஞ்சவங்க இல்ல. பொதுவா இங்கிலீஷ் பேச பயமா இருந்தா வீட்ல தம்பிக்கு ஒரு பாடத்தை சத்தமா இங்கிலீஷ்ல சொல்லிக் குடுங்க, தப்பு வந்தா வரட்டும், வாய் திறக்கணும் அதான் முக்கியம். காசு கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷ் போறதை விட இது மேல்னு நான் நினைக்கிறேன்.

கோடிங் கேக்குறவங்களுக்கும் இதே பதில். அண்ணா யுனிவர்சிட்டி 2021 சிலபஸ்ல முதல் செமஸ்டர்லயே எல்லா பிராஞ்சுக்கும் பைத்தான் இருந்துச்சு. பயோ மேக்ஸ் எடுத்த பிள்ளைங்களுக்கு அது புதுசு. ஆனா நம்ம ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புக்லயே பைத்தான் இருக்கு, தமிழ்லயே இருக்கு. அதை இறக்கி, பக்கத்து வீட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த பிள்ளையை கூட உக்கார வச்சு, அதுல இருக்குற பைத்தான் பாடம் அஞ்சாறு முடிங்க. ஆயிரக்கணக்குல ஃபீஸ் கட்டி ஆன்லைன் கோர்ஸ் சேர வேண்டாம்.

டைப்ரைட்டிங்

இதைப் பழசுனு நினைக்காதீங்க. ரெண்டு மாசம் தினமும் ஒரு மணி நேரம் போனா கீபோர்டை பாக்காம அடிக்க வந்துடும், அப்புறம் வாழ்க்கை முழுக்க கூட வரும். முதல் வாரம் பூரா ஒரே வரி தான், ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், அடுத்த கைக்கு செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. சுண்டு விரலுக்கு பலமே இருக்காது, அந்த ஏ மட்டும் பேப்பர்ல மங்கலா விழும், நாலு நாள்ல அதுவும் கருப்பா விழ ஆரம்பிக்கும். வரி முடியும் போது ஒரு மணி அடிக்கும் பாருங்க, அதைக் கேட்டு உருளையை தள்ளுறதுக்கு கை தானா போகும். ஜூனியர் கிரேடுக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, சீனியருக்கு 45. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வருஷத்துக்கு ரெண்டு தடவை, பிப்ரவரிலயும் ஆகஸ்ட்லயும் எக்ஸாம் வைக்குது. ஏப்ரல்ல சேந்தா ஆகஸ்ட்ல எழுதலாம். பின்னாடி குரூப் 4ல டைப்பிஸ்ட் வேலைக்கு போகணும்னா இந்த சர்டிபிகேட் கட்டாயம். முடிஞ்சா தமிழும் சேத்து கத்துக்கங்க. கம்ப்யூட்டர்ல தமிழ் அடிக்க 1999ல வந்த தமிழ்99 கீபோர்டு இருக்கு, உயிர் எழுத்து இடது பக்கம், மெய் வலது பக்கம்னு இருக்கும், ஒரு வாரத்துல பழகிடும்.

வேலைக்கு போகலாமா?

போகலாம். ஜவுளிக்கடை, மெடிக்கல் ஷாப், ஜெராக்ஸ் கடை, கல்யாண மண்டபத்துல பரிமாறுறது, சித்தப்பா கடைல கணக்கு எழுதுறது, எதுவா இருந்தாலும் ஒரு மாசம் போங்க. நாள் முழுக்க நின்னுட்டு சாயங்காலம் கைல வாங்குற 400 ரூபாய், அதை செலவு பண்ண மனசே வராது பாருங்க, அதை அனுபவிச்சு தெரிஞ்சுக்கணும். ஆனா போறதுக்கு முன்னாடி சம்பளம் எவ்வளவு, எந்த தேதிக்கு, எத்தனை மணிக்கு விடுவாங்கனு நேரா கேட்டுடுங்க. 18 ஆகாதவங்களை பட்டாசு ஆலை மாதிரி ஆபத்தான இடத்துல வேலைக்கு வைக்கக் கூடாதுனு சட்டம் இருக்கு, கூலி எவ்வளவு அதிகம் குடுத்தாலும் போகாதீங்க. டெலிகிராம்ல வீடியோவுக்கு லைக் போட்டா காசுனு வர்றது எல்லாம் ஏமாத்து வேலை.

வண்டி, நீச்சல்

18 ஆயிடுச்சுனா எல்எல்ஆர் போடுங்க. அது ஆறு மாசம் செல்லும், 30 நாள் கழிச்சு எட்டு போட்டு காட்டி லைசென்ஸ் வாங்கிடலாம், லீவுக்குள்ளயே முடிஞ்சுடும். 18 ஆகலனா வண்டியை தொடவே வேண்டாம். மாட்டுனா வண்டி ஓனருக்கு, அதாவது உங்க அப்பாவுக்கு, 25,000 ரூபாய் அபராதமும் மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலும்னு 2019 சட்டத் திருத்தத்துல வந்துடுச்சு.

நீச்சல் தெரியாதவங்க இந்த லீவுல கண்டிப்பா கத்துக்கங்க. எங்க ஊர்ல முதுகுல சுரைக்குடுக்கை கட்டி கிணத்துல இறக்கி விடுவாங்க, மாமாவோ சித்தப்பாவோ படில உக்காந்து பாத்துட்டே இருப்பாங்க. அப்படி பெரியவங்க ஒருத்தர் கூட இருக்கும் போது மட்டும் இறங்குங்க. ஃப்ரெண்ட்ஸ் மட்டும் சேந்து தெரியாத குளம், கல்குவாரி, டேம் பக்கம் போகாதீங்க, ப்ளீஸ். குவாரில கரைல இருந்து ரெண்டாவது அடிலயே ஆழம் ஆரம்பிச்சுடும், கால் ஊன இடமே இருக்காது. ஒவ்வொரு மே மாசமும் பரீட்சை முடிச்ச பிள்ளைங்க போட்டோ பேப்பர்ல வர்றதைப் பாத்தா எனக்கு வயிறு கலங்குது.

தனியா ஒரு ஊர்

ஒரு நாள் தனியாவோ ஒரே ஒரு ஃப்ரெண்டோடயோ காலைல கிளம்பி சாயங்காலம் திரும்புற மாதிரி ஒரு இடம் போயிட்டு வாங்க. எந்த பஸ், எங்க மாறணும், எங்க சாப்பாடு, எல்லாம் நீங்களே விசாரிங்க. மதுரைக்காரங்கனா கீழடி போங்க, டவுன் பஸ்லயே போகலாம், 2023ல திறந்த மியூசியம் இருக்கு, அங்க ஒரு பானை ஓட்டுல கீறியிருக்குற பேரை கிட்ட நின்னு எழுத்துக் கூட்டிப் படிச்சு பாருங்க. வெயில் தாங்கலனா மதுரைல கலைஞர் நூற்றாண்டு நூலகம், சென்னைல கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், ரெண்டும் நாள் முழுக்க ஏசில உக்காந்து படிக்கலாம், யாரும் எதுக்கு வந்தனு கேக்க மாட்டாங்க. மத்த ஊர்க்காரங்க மாவட்ட மைய நூலகத்துல உறுப்பினர் ஆயிடுங்க.

மார்க் நினைச்ச மாதிரி வரலனா

மே மாசம் ரிசல்ட் அன்னைக்கு இதை படிக்கிற யாராவது இருப்பீங்க, உங்களுக்கு தனியா சொல்றேன். ஒரு பாடத்துல போயிடுச்சுனா அந்த கோடைலயே துணைத் தேர்வு இருக்கு, பாஸ் பண்ணிட்டு அதே வருஷம் காலேஜ் சேந்தவங்க ஏகப்பட்ட பேர் இருக்காங்க. மார்க் குறைஞ்சுட்டதா சந்தேகம் இருந்தா விடைத்தாள் நகல் வாங்கிப் பாருங்க, அதுக்கு அப்புறம் மறுமதிப்பீடு போடலாம், ஆனா நாள் கம்மியா தான் குடுப்பாங்க, தள்ளிப் போடாதீங்க. அன்னைக்கு சொந்தக்காரங்க போன் எதையும் எடுக்க வேண்டாம். மனசு ரொம்ப பாரமா இருந்தா 104க்கோ 14416க்கோ போன் பண்ணுங்க, காசு கிடையாது, எந்நேரமும் ஆள் இருப்பாங்க, பேசுறதுக்குனே இருக்காங்க. அம்மாகிட்டயும் பேசுங்க. அவங்க அன்னைக்கு கோவத்துல என்ன சொன்னாலும் மறுநாள் காலைல உங்களுக்கு காபி கொண்டு வர்றவங்க அவங்க தான்.

கிளம்புறதுக்கு முந்தின வாரம்

ஹாஸ்டல் போறவங்க பக்கெட், மக், கயிறு, கிளிப், நல்ல பூட்டு ஒண்ணு, காய்ச்சல் மாத்திரை, உங்க பிளட் குரூப் எழுதுன ஒரு சீட்டு எடுத்து வைங்க. புது துணி நிறைய வாங்காதீங்க, மத்தவங்க என்ன போடுறாங்கனு பாத்துட்டு அப்புறம் வாங்கிக்கலாம். ராகிங் நடந்தா பொறுத்துக்க வேண்டியதில்ல, தமிழ்நாட்டுல 1997லயே அதுக்கு சட்டம் வந்துடுச்சு, 1800-180-5522 நம்பரை போன்ல போட்டு வைங்க.

டிசி வாங்க ஸ்கூலுக்கு போகும் போது அவசரமா வாங்கிட்டு ஓடாம ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு தடவை போங்க. எங்க சேந்துருக்கீங்கனு டீச்சர்கிட்ட சொல்லுங்க, அடுத்த பேட்ச்சுக்கு அவங்க வழி சொல்ல உங்களைத் தான் கூப்பிடுவாங்க. ப்ளஸ் டூ புக்கை எடைக்கு போட்டுடாதீங்க, மேக்ஸ் புக்கையும் பிசிக்ஸ் புக்கையும் மட்டும் எடுத்து பைல வைங்க, முதல் செமஸ்டர்ல தேவைப்படும். மத்த கைடு, கொஸ்டின் பேங்க், நீங்க எழுதுன நோட்டு எல்லாத்தையும் உங்க தெருல இந்த வருஷம் ப்ளஸ் டூ போற பிள்ளை யாருனு பாத்து நேர்ல கொண்டு போய் குடுங்க, எந்தெந்த பக்கம் முக்கியம்னு பென்சில்ல ஒரு டிக் போட்டு.